ஸ்கூபா படிக்கப் போற நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு: மொதல்ல கடைய புடிங்க, கியர் அப்புறம்

குறுக்குத்துறை ஆத்துல குதிச்சு வளந்த பசங்க, வயக்காட்டுக் கெணத்துல சுரக்குடுக்கைய கட்டிக்கிட்டு நீச்சல் படிச்சவங்க, உவரி மணப்பாடு பக்கம் கடலோரத்துலயே பொறந்தவங்கன்னு தண்ணி தெரிஞ்ச ஆளுங்க நெறைய பேரு இப்ப ஸ்கூபா பக்கம், அதாவது காத்து அடைச்ச சிலிண்டர முதுகுல மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள முங்குற பக்கம் வாராவ, ரொம்ப சந்தோஷமா இருக்கு. வந்த உடனே கேக்குற கேள்வி "அண்ணாச்சி, என்ன கியர் வாங்கணும், எந்த கம்பெனி நல்லது"ன்னுதான். அதுக்கு நான் சொல்லுற பதில் எப்பவும் ஒண்ணுதான், மொதல்ல நல்ல டைவ் ஷாப்ப, அதாவது முங்கச் சொல்லிக் குடுத்து கடலுக்குக் கூட்டிட்டுப் போற கடைய புடிங்க, கியர், அதாவது அதுக்கு வேண்டிய சாமான், அப்புறம் வாங்கிக்கலாம். நல்ல கடை கெடச்சா வாடகை கியர்லயே அருமையா படிச்சிரலாம், மோசமான கடையில போயி மாட்டுனா லட்ச ரூவா கியர் கையில இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா சிலிண்டருக்குள்ள இருக்குற காத்து அந்தக் கடைக்காரர் அடைச்சுக் குடுக்குறதுதான், அத நீங்க எந்த பிராண்ட்லயும் வாங்க முடியாது.

நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன். கெணத்துல முங்கி முங்கி தம் கட்டிப் பழகுனவங்களுக்கு தண்ணிக்குள்ள போன உடனே மூச்ச அடக்குறது தானா வரும், ஸ்கூபாவுல செய்யவே கூடாத காரியம் அதுதான். கெணத்துல நீங்க மேலருந்து இழுத்துட்டுப் போன காத்து உள்ள போகப்போக சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஸ்கூபாவுல அப்படி இல்ல, கடல்ல 10 மீட்டர் எறங்குனா அழுத்தம் மேல இருக்குறத விட ரெண்டு மடங்கு, 20 மீட்டர்ல மூணு மடங்கு, சிலிண்டர் காத்த வாய்க்குக் கொண்டு வர்ற ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்து அழுத்தத்துலயே காத்து குடுக்கும், அப்ப 10 மீட்டர்ல நெஞ்சு நெறைய இழுத்துட்டு அடக்கிக்கிட்டே மேல வந்தா அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரல் தாங்காது. அதனால மூச்சு நிக்காம போயிட்டு வந்துட்டே இருக்கணும், பைய இழுத்து பைய விடணும். மொத நாள் குளத்துல சொல்லிக் குடுக்கும்போதே இதுல கவனம் வைங்க.

இன்னொண்ணு, தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவங்களப் பாத்திருப்பீங்க. முத்துக்குளிச்ச காலத்துல கல்லக் கட்டிக்கிட்டு எறங்குன பரம்பரை அது, தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. இப்ப சங்குக்குப் போறவங்கள்ல போட்டுல கம்ப்ரசர ஓடவிட்டு ஓஸ் வழியா காத்து வாங்கி குளிக்கிறவங்க இருக்காவ. அவங்களுக்குத் தெரிஞ்ச கடல் எனக்கெல்லாம் தெரியாது, அந்த ஒழைப்புக்கு பெரிய மரியாதை உண்டு. ஆனா சொந்தக்காரன் கம்ப்ரசர் போட்டு வச்சிருக்கான், அவன்கூட போயி படிச்சிக்கிடுதேன்னு யாரும் கெளம்பாதீங்க. கையில ஆழமும் காத்தும் காட்டுற கேஜ் கெடையாது, ஓஸ் மடங்குனா வேற காத்து கெடையாது, ஆழத்துல ரொம்ப நேரம் கெடந்துட்டு வேகமா மேல வந்து, ரத்தத்துல கரைஞ்ச காத்து குமிழாகி, கை கால் வராமப் போனவங்க அந்தத் தொழில்ல உண்டு. வயித்துப்பாட்டுக்கு அவங்க செய்யுறத நாம ஆசைக்கு செய்யக்கூடாது.

எங்க போயி படிக்கிறது

நமக்கு கைக்கெட்டுற தூரத்துல இருக்குறது திருவனந்தபுரம் கோவளம், நாகர்கோவில் வழியா கார்ல போனா அரை நாள்கூட ஆகாது. கன்னியாகுமரிகிட்ட ஒரு கோவளம் இருக்கு, சென்னைக்குப் பக்கத்துலயும் ஒரு கோவளம் இருக்கு, கடைக்கு போன் பண்ணும்போது எந்தக் கோவளம்னு கேட்டுக்கோங்க. அடுத்து பாண்டிச்சேரி, நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி விழுப்புரத்துல எறங்கி பஸ் புடிச்சா வந்துரும். அதுக்கு மேல போனா கர்நாடகாவுல முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவு, அப்புறம் அந்தமான். லீவும் காசும் இருக்குறவங்களுக்கு நான் சொல்லுறது அந்தமான்ல ஸ்வராஜ் தீப், அதாவது பழைய ஹேவ்லாக், தண்ணி தெளிவு, படிக்கிறவங்களுக்கு பயம் கம்மியா இருக்கும்.

சீசன் பாக்காம டிக்கெட் போடாதீங்க. மேற்குக் கடற்கரையில ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பா இருக்கும், கடைங்க பெரும்பாலும் சாத்திருவாவ. கிழக்குக் கரையில அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம வடகிழக்குப் பருவமழை, தண்ணி கலங்கிப் போயி கைய நீட்டுனா கை தெரியாது. தை பொறந்ததுலேருந்து பங்குனி வரைக்கும்னு வச்சுக்கிட்டா பெரும்பாலான இடத்துக்கு சரியா வரும்.

நம்ம வீட்டு வாசல்ல இருக்குற மன்னார் வளைகுடாவ ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. மண்டபத்துலேருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவும் 1986லேருந்து கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம தீவுப் பக்கம் போகக்கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை எல்லாம் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, ஒரு துண்டு பவளத்த ஞாபகார்த்தமா எடுத்துட்டு வந்தாலும் கேஸ்தான். யாராவது அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா அனுமதிக் கடுதாசியக் கேளுங்க.

கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது

மொதல்ல நீங்க எதுக்குப் போறீங்கங்கறத தெளிவு பண்ணிக்கோங்க. டூரிஸ்ட்டுக்குன்னு ஒண்ணு உண்டு, இன்ஸ்ட்ரக்டர் பின்னாடி சிலிண்டரப் புடிச்சிக்கிட்டே கூட்டிட்டுப் போயி போட்டோ எடுத்துக் குடுத்துருவாரு, ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர், அது ருசி பாக்குறதுக்கு, படிச்சதுக்கான சர்டிபிகேட் கார்டு கெடையாது. படிக்கிறதுன்னா ஓப்பன் வாட்டர் கோர்ஸ், மூணு நாலு நாள் ஆகும், பாடம், நீச்சல்குளத்துலயோ ஆழம் இல்லாத கடல்லயோ பயிற்சி, அப்புறம் கடல்ல நாலு டைவ். முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் இன்னொரு டைவரோட போலாம். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மெதக்கணும், நம்ம ஆளுங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. கார்டு குடுக்குற அமைப்புங்கள்ல பேடி (PADI) கார்டா எஸ்எஸ்ஐ (SSI) கார்டான்னு மண்டைய ஒடைக்காதீங்க, ரெண்டும் உலகம் முழுக்க செல்லும், சொல்லிக் குடுக்குற ஆளு யாருங்கறதுதான் முக்கியம்.

போன்லயே கேளுங்க, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேரு? பேடி விதிப்படி கடல்ல எட்டு பேரு வரைக்கும் கூட்டிட்டுப் போலாம், ஆனா மொத தடவ படிக்கிறவங்களுக்கு எட்டுங்கறது ரொம்ப அதிகம், நாலுக்கு மேல இருந்தா நான் வேற கடை பாப்பேன். போட்டுல ஆக்சிஜன் கிட் இருக்கா, வேகமா மேல வந்து பாதிக்கப்பட்டவங்களுக்கு வைத்தியம் பாக்குற அழுத்த சிகிச்சை அறை பக்கத்துல, அதாங்க ரீகம்ப்ரஷன் சேம்பர், எங்க இருக்குன்னு கேளுங்க. உடனே பதில் வந்தா நல்ல கடை, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், பயப்படாதீங்க"ன்னு சொன்னா வச்சிருங்க. உடம்பப் பத்தி ஒரு படிவம் குடுக்கணும், ஆஸ்துமா, காது ஆபரேஷன், நெஞ்சு வலின்னு எல்லாம் அதுல இருக்கும், குடுக்காத கடைக்குப் போகாதீங்க, குடுத்தா பொய் எழுதாதீங்க, சளி புடிச்சிருந்தா அன்னைக்கு எறங்காதீங்க, காது அடைக்கும். காசு விஷயத்துல கார்டு பீஸ், பாடப் புத்தகம், போட் வாடகை, கியர் வாடகை எல்லாம் சேத்தா சொல்லுதாவ, தனியா கேப்பாவளான்னு முன்கூட்டியே எழுத்துல வாங்கிக்கோங்க, கம்மி ரேட்டு சொல்லிட்டு அங்க போனதும் ஒண்ணொண்ணா ஏத்துற கடை உண்டு.

நேர்ல போனா ஆபீஸ்ல இருக்குற மீன் படத்த பாக்காதீங்க, பின்னாடி கம்ப்ரசர் ரூம பாக்கணும்னு கேளுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமா கூட்டிட்டுப் போயி காட்டுவாரு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது ஒரு கேள்வியிலயே கடையோட தரம் பாதி தெரிஞ்சிரும். காத்த உள்ள இழுக்குற குழா எங்க இருக்குன்னு பாருங்க, ஜெனரேட்டர் பொகையோ ரோட்டுப் பொகையோ போற எடத்துல இருந்தா அந்தப் பொகையும் சேந்து சிலிண்டருக்குள்ள போயிரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசன கெடையாது, ஆழத்துல அழுத்தம் கூடும்போது அது இன்னும் மோசமா வேலை செய்யும். பில்ட்டர் எத்தன மணி நேரம் ஓடிருக்கு, எப்ப மாத்துனாவன்னு ஒரு நோட்டு போட்டு எழுதி வச்சிருக்கணும். சிலிண்டர் தோள்பட்டைல ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணி அடைச்சு அழுத்தம் தாங்குதான்னு பாக்குற சோதனை, பண்ணுன மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கணும். வெயில்ல சிலிண்டர அடுக்கிப் போட்டிருந்தா, அவசர அவசரமா அடைச்சு சூடா இருந்தா, கேஜ்ல காத்தழுத்தம் 200 பார் காட்டுனாலும் தண்ணிக்குள்ள போயி குளுந்ததும் கொறஞ்சிரும்.

வாடகைக் கியர எப்படி மாட்டுறது, எப்படி சோதிக்கிறது

கோர்ஸ்ல சொல்லிக் குடுப்பாவ, ஆனா அவசரத்துல பாதி விட்டுப்போகும், அதனால நான் செய்யுற வரிசைய அப்படியே சொல்லுதேன். நம்ம ஊர்க் கடைகள்ல பெரும்பாலும் வர்றது அலுமினியம் 80ங்கற சிலிண்டர், தண்ணி கொள்ளளவு 11.1 லிட்டர், முழுசா அடைச்சா 207 பார், கிட்டத்தட்ட 2,200 லிட்டர் காத்து. பிசிடி, அதாவது காத்த ஊதியும் விட்டும் மெதக்குறத சரி பண்ணுற ஜாக்கெட், அதோட பட்டைய மொதல்ல தண்ணியில நனைச்சுட்டு சிலிண்டர்ல மாட்டுங்க, காய்ஞ்ச பட்டை தண்ணிக்குள்ள போனதும் ஊறி தளந்து சிலிண்டர் நழுவிரும். மாட்டி முடிச்சிட்டு பிசிடிய புடிச்சு தூக்கி ஆட்டிப் பாருங்க, சிலிண்டர் எறங்கக் கூடாது.

அடுத்து வால்வு வாய்ல இருக்குற ஓ-ரிங், வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்தும்போது உள்ள இருக்குற வாஷர பாக்குற மாதிரி இதையும் பாத்தே ஆகணும், கீறல் வெடிப்பு இருந்தா மாத்தச் சொல்லுங்க, அது மாத்த ஒரு நிமிஷம்தான். வால்வ லேசா திறந்து கொஞ்சம் காத்த வெளிய விட்டு உப்புத் தண்ணி தூசி இருந்தா ஊதி வெளியேத்திட்டு மூடுங்க, அப்புறம் பர்ஸ்ட் ஸ்டேஜ, அதாவது ரெகுலேட்டர்ல சிலிண்டரோட சேருற பகுதிய மாட்டுங்க, செகண்ட் ஸ்டேஜ், அதாவது வாய்ல வைக்கிற பகுதி, வலது தோள் பக்கம் வரணும், பிசிடிக்குப் போற ஓஸ் இடது பக்கம். கேஜோட கண்ணாடி ஒங்க மொகத்தப் பாக்காம கீழ பாத்து இருக்கட்டும், வால்வ பைய திறங்க, முழுசா திறங்க. முன்னாடியெல்லாம் முழுசா திறந்துட்டு கால் சுத்து திருப்பி மூடுன்னு சொல்லிக் குடுப்பாவ, அது இப்ப வேண்டாம்னுதான் சொல்லுதாவ, ஏன்னா எது மூடுனது எது திறந்ததுன்னு கொழம்பிப்போயி முக்கால்வாசி மூடுன வால்வோட எறங்குனா மேல காத்து நல்லா வரும், ஆழத்துக்குப் போனா வராது.

இப்ப கேஜ பாத்துக்கிட்டே செகண்ட் ஸ்டேஜ்ல நாலஞ்சு தடவ மூச்சு இழுங்க. முள்ளு ஆடாம நிக்கணும், இழுக்கும்போது முள்ளு கீழ போயி திரும்ப மேல வந்தா வால்வு சரியா திறக்கல இல்லன்னா உள்ள அடைப்பு இருக்கு. காத்துல எண்ணெய் வாடையோ ரப்பர் வாடையோ வந்தா அந்த சிலிண்டரோட எறங்காதீங்க, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. மஞ்சக் கலர்ல இருக்குற ஆக்டோபஸ்லயும், அதாவது அவசரத்துக்கு வச்சிருக்குற இன்னொரு செகண்ட் ஸ்டேஜ்லயும், அதே மாதிரி இழுத்துப் பாருங்க, இத நெறைய பேரு பாக்குறதே இல்ல, ஆனா கூட எறங்குற ஒங்க ஜோடிக்கு காத்து தீந்தா அவரு வாய்ல வைக்கப் போறது அததான். வாய்க்குள்ள வைக்கிற ரப்பர இறுக்கிக் கட்டுற டேக் இருக்கான்னு பாருங்க, ரப்பரும் கடிச்சுக் கடிச்சு கிழிஞ்சிருக்கும். ஓஸ்ஸ மடக்கிப் பாருங்க, உலோகத்துல சேருற எடத்துல வெடிப்பு தெரியும். பிசிடிய முழுசா ஊதிவிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, தளந்தா லீக். ஊதுற பட்டன அமுக்கி விட்டா உடனே நிக்கணும், சிக்கி நின்னா ஒங்கள அதுவே மேல தூக்கிட்டுப் போயிரும், வேகமா மேல வர்றதுதான் நமக்கு பெரிய ஆபத்து. வெயிட் பெல்ட்டோட பக்கிள் வலது கையால ஒரே இழுப்புல கழறணும்.

வெயிட்டப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். கடைங்கள்ல புதுசா வர்றவங்களுக்கு எறங்குறதுக்கு சுலபமா இருக்கட்டும்னு ஈயத்த அதிகமா கட்டி விட்டுருவாவ, அதிக வெயிட்ட சமாளிக்க பிசிடியில அதிகக் காத்து ஊதணும், அந்தக் காத்து ஆழத்துக்கு ஆழம் விரிஞ்சு சுருங்கும், அதனாலதான் புது ஆளுங்க மேலயும் கீழயும் போயிட்டே இருக்காவ, காத்தும் சீக்கிரம் தீந்துரும், கீழ பவளத்துலயும் போயி விழுவாவ. சோதிக்கிற வழி சுலபம். கடல் மேல நின்னுக்கிட்டு பிசிடிய முழுசா காலி பண்ணிட்டு சாதாரணமா ஒரு மூச்சு இழுத்துப் புடிங்க, கண்ணு மட்டத்துல மெதக்கணும், மூச்ச விட்டா பைய எறங்கணும். மூச்ச அடக்காதேன்னு சொன்னது தண்ணிக்குள்ள, இது மேல நின்னு பாக்குறது, கொழப்பிக்காதீங்க. டைவ் முடிஞ்சு 50 பார்ல வந்து பாத்தா இன்னும் சரியா தெரியும், ஏன்னா அலுமினியம் சிலிண்டர்ல காத்து தீரத் தீர ரெண்டு ரெண்டரை கிலோ எடை கொறஞ்சு சிலிண்டர் மெதக்க ஆரம்பிச்சிரும், முழு சிலிண்டரோட பாத்தா அந்த எடையையும் கணக்குல சேக்கணும். ஆத்துத் தண்ணிக்கும் குளத்துக்கும் வெயிட் கம்மி போதும், உப்புத் தண்ணி அதிகமா தூக்கும்.

காத்து எவ்வளவு நேரம் வரும்னு கேக்காவ. புதுசா போறவங்க மேல இருக்கும்போது நிமிஷத்துக்கு 20லேருந்து 25 லிட்டர் இழுப்பாவன்னு வைங்க, 15 மீட்டர்ல அழுத்தம் ரெண்டரை மடங்கு, அப்ப நிமிஷத்துக்கு 50, 60 லிட்டர். 200 பார்ல எறங்கி 50 பார்ல மேல வரணும்னா செலவழிக்க இருக்குறது 150 பார், 11 லிட்டரால பெருக்குனா 1,650 லிட்டர், அரை மணி நேரம் வரும். ஒங்ககூட வந்தவரு ஒரு மணி நேரம் இருந்தாரேன்னு போட்டி போடாதீங்க, பழகப் பழக தானா கொறையும்.

சொந்தமா வாங்குறதுன்னா எந்த வரிசையில

மொதல்ல மாஸ்க், வேற எதுவும் வேண்டாம். மொகத்துக்கு மொகம் வேற, வாடகை மாஸ்க் ஒழுகுனா மொத டைவ் முழுக்க கண்ணுல உப்புத் தண்ணியோட போராடியே முடிஞ்சிரும். ஆன்லைன்ல கலர் பாத்து வாங்காதீங்க, கடையில போயி வாருக்குள்ள தலைய விடாம மாஸ்க்க மட்டும் மொகத்துல வச்சு மூக்கால லேசா இழுங்க, கைய எடுத்தாலும் விழாம ஒட்டி நிக்கணும். நெத்தி முடி உள்ள சிக்கக் கூடாது, மீசை வச்சவங்களுக்கு மேல்உதட்டுப் பக்கம் கொஞ்சம் ஒழுகும், அது பழகிரும். கண்ணாடி டெம்பர்டு கிளாஸா இருக்கணும், சுத்தி சிலிக்கான். புது மாஸ்க்ல பேக்டரியில இருந்து ஒரு படலம் இருக்கும், டூத்பேஸ்ட் போட்டு உள்பக்கம் நல்லா தேச்சுக் கழுவலன்னா எத்தன தடவ உள்ள எச்சில் துப்பித் தேச்சாலும் பனி மூடும். பவர் கண்ணாடி போடுறவங்களுக்கு பவர் லென்ஸ் போடுற மாடல் கெடைக்குது. நீச்சல் கண்ணாடிய கொண்டு போயிராதீங்க, அதுல மூக்கு வெளிய இருக்கும், உள்ள காத்து ஊத முடியாது, ஆழத்துல கண்ண அமுக்கிரும்.

ரெண்டாவது டைவ் கம்ப்யூட்டர், கார்டு வாங்கி தொடர்ந்து போவேன்னு முடிவு பண்ணுனதுக்கு அப்புறம். எவ்வளவு ஆழத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்க, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு வேகமா மேல வாறீங்கன்னு அது ஒங்க டைவுக்குன்னே கணக்கு போடும். இன்ஸ்ட்ரக்டர் கம்ப்யூட்டர நம்பி போறது சரியில்ல, அவரு ரெண்டு மீட்டர் மேல இருந்திருப்பாரு, காலையில டைவ் போகாம வந்திருப்பாரு. பேடி அட்டவணையில 18 மீட்டருக்கு 56 நிமிஷம், 30 மீட்டருக்கு 20 நிமிஷம்தான், ஆழம் கூடக்கூட நேரம் எப்படி சரியுதுன்னு பாருங்க. வெல ஏற ஏற வர்ற கலர் ஸ்க்ரீன், சிலிண்டர் பிரஷர கம்பி இல்லாம காட்டுறது எல்லாம் இப்ப வேண்டாம், எழுத்து பெருசா தெரியணும், நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலா உள்ள காத்து, அதுக்கான மோடு இருக்கணும், பேட்டரிய நாமளே மாத்துற மாதிரி இருந்தா நம்ம ஊருக்கு ரொம்ப நல்லது. மேல வரும்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் வேண்டாம், 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணும், அதையும் அதுவே எண்ணிச் சொல்லும்.

பின்ஸ் மூணாவது. போட்டுலேருந்து குதிக்கிறதா இருந்தா வெறுங்கால்ல ஷூ மாதிரி போடுறது போதும், வெல கம்மி, எடை கம்மி. கரையிலேருந்து பாறை மேல நடந்து எறங்குற எடம்னா பூட்ஸ் போட்டு பின்னாடி பட்டை உள்ளது வாங்குங்க. குளிருக்குப் போடுற வெட்சூட் நம்ம கடலுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். தண்ணி 28 டிகிரி இருக்குன்னு சொன்னா நமக்கு குளிரவா போகுதுன்னு தோணும், ஆனா தண்ணி காத்த விட இருபது மடங்குக்கு மேல வேகமா ஒடம்புச் சூட்ட இழுக்கும், ரெண்டாவது டைவ்ல பல்லு அடிக்கும். கூடவே நாம இருக்குற எடத்த மேல காட்டுற ஒரு ஆரஞ்சுக் கலர் எஸ்எம்பி பலூனும் அதுக்கு கயிறு சுத்துன ஸ்பூலும், ஒரு விசிலும் வாங்கிக்கோங்க, மேல வந்த எடத்துல போட் இல்லன்னா அலைக்கு நடுவுல தலை தெரியாது, பலூன்தான் தெரியும்.

ரெகுலேட்டரும் பிசிடியும் கடைசி. ரெகுலேட்டர்ல, சிலிண்டர்ல உள்ள 200 பார, சுத்தி இருக்குற அழுத்தத்த விட பத்து பார் மட்டும் கூட இருக்குற அளவுக்கு கொறைக்கிறது பர்ஸ்ட் ஸ்டேஜ், அத மூச்சுக்குத் தக்கன குடுக்குறது செகண்ட் ஸ்டேஜ். 1943ல பிரான்ஸ்ல கூஸ்தோவும் காஞ்ஞானும் செஞ்சு காட்டுன அதே அடிப்படைதான் இன்னைக்கும். பிஸ்டன், டயாபிரம்னு ரெண்டு வகை, நம்ம பக்கம் மாதிரி மணலும் கலங்கலும் உள்ள கடலுக்கு வெளிய மூடி சீல் பண்ணுன டயாபிரம் வகை எனக்குப் புடிக்கும், உள்ள உப்பு படியாது. ஸ்கூபாப்ரோ, அக்வாலங், மேர்ஸ், க்ரெஸ்ஸி, அபெக்ஸ்னு எது வாங்குனாலும் மூச்சு நல்லாத்தான் வரும், கேக்க வேண்டிய கேள்வி வேற, இத இந்தியாவுல யாரு சர்வீஸ் பண்ணுவா, பார்ட்ஸ் கிட் கெடைக்குமா? கம்பெனி சொல்லுற கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ பிரிச்சு ஓ-ரிங் மாத்தியே ஆகணும். வெளிநாட்டுல இருக்குற சித்தப்பா பையன் சல்லிசா வாங்கிட்டு வந்தது இங்க சர்வீஸ் இல்லாம பெட்டியில தூங்குறத பாத்திருக்கேன். செகண்ட் ஹேண்ட் வாங்குனா சர்வீஸ் செலவையும் சேத்து கணக்கு போடுங்க, அப்ப புதுசு வெலைக்கே வந்து நிக்கும் பல நேரம். நம்ம பக்கத்துக் கடைகள்ல வால்வ கவ்விப் புடிக்கிற யோக் கனெக்‌ஷன்தான் அதிகம், நீங்க வால்வுக்குள்ள திருகி மாட்டுற டின் (DIN) வகைய வாங்கி யோக் அடாப்டர் ஒண்ணு கூட வச்சுக்கிட்டா எங்க போனாலும் மாட்டலாம்.

பிசிடியில ஜாக்கெட் மாடல்தான் வாடகைக்கு வரும், படிக்க அது போதும், மேல வந்தா நிமிர்ந்து மெதக்க வைக்கும். கொஞ்சம் பழகுனவங்க பேக்பிளேட்டும் விங்கும் பக்கம் போவாவ, ஒரு உலோகத் தகடு, ஒரே நீள நைலான் பட்டை, முதுகுல மட்டும் காத்துப் பை. நான் அந்தப் பக்கம்தான், காரணம் சொல்லுதேன். ஸ்டீல் தகடே ரெண்டரை மூணு கிலோ வரும், அவ்வளவு ஈயம் இடுப்புலேருந்து கொறையும், எடை முதுகுக்கு வந்துரும், ஒடம்பு தானா படுக்கை மட்டத்துல நிக்கும். பட்டை கிழிஞ்சா நூறு எரநூறு ரூவாயில மாத்திக்கலாம், ஜாக்கெட்ல ஒரு பக்கிள் போனா அந்தக் கம்பெனி பார்ட்டுக்கு காத்துக் கெடக்கணும். விமானத்துல போறவங்க அலுமினியம் தகடு வாங்கலாம், பேக்கேஜ் எடை கொறையும். ரெண்டு மீட்டர் நீள ஓஸ் போட்டு வாய்ல இருக்குறதையே ஜோடிக்கு குடுத்துட்டு கழுத்துல தொங்குறத நாம எடுத்துக்குற செட்டப் உண்டு, நல்ல செட்டப்தான், ஆனா கூட வர்றவருக்கு தெரியாம நீங்க மட்டும் அத மாட்டிக்கிட்டுப் போகாதீங்க. எறங்குறதுக்கு முன்னாடி கரையிலயே ரெண்டு பேரும் ஒரு தடவ செஞ்சு பாத்துருங்க.

நம்ம ஊர் வெயிலும் தண்ணியும்

வாங்குன கியர் கெட்டுப்போறது கடல்ல இல்ல, நம்ம வீட்டுல. அலசுறதுக்கு நல்ல தண்ணி வேணும், ராதாபுரம் திசையன்வெளை பக்கம் போர்த் தண்ணி உப்பா இருக்கும், அதுல அலசுனா உப்ப உப்பால கழுவுன கணக்குதான், குடிக்கிற தாமிரபரணித் தண்ணியில ஒரு பெரிய டப்புல ஊறப் போடுங்க. பர்ஸ்ட் ஸ்டேஜ் மூடிய காய வச்சு இறுக்கி மாட்டுனதுக்கு அப்புறம்தான் தண்ணியில போடணும், ஊறும்போது செகண்ட் ஸ்டேஜோட பட்டன அமுக்காதீங்க, தண்ணி ஓஸ் வழியா உள்ள ஏறிரும். பிசிடிக்குள்ளயும் நல்ல தண்ணிய விட்டு குலுக்கி ஊத்துங்க.

காயப் போடுறது நெழல்ல மட்டும், மொட்ட மாடியில சித்திரை வெயில்ல போட்டா ஒரே சீசன்ல சிலிக்கான் மஞ்சளாயிரும், வெட்சூட் வெறைச்சிரும். கார் டிக்கியில ஒரு நாள்கூட விடாதீங்க. மாஸ்க்க கறுப்பு ரப்பர் சாமானோட சேத்து வைக்காதீங்க, கறை ஏறும். ரெகுலேட்டர நல்லா காஞ்சதும் மூடுற பையில போட்டு வைங்க, கரப்பான் பூச்சி வாய்ப் பகுதிக்குள்ள போயி குடியிருக்கும், எறும்பும் வரும், எடுத்து மாட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ பாருங்க.

டைவ் முடிச்ச உடனே விமானம் ஏறக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும், ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணு போயிருந்தா 18 மணி நேரம் இடைவெளி விடணும்னு சொல்லுதாவ, அந்தமான்ல கடைசி நாள சும்மா கடற்கரையில இருக்குற மாதிரி டிக்கெட் போடுங்க. மலையும் அதே கணக்குதான், இத நம்ம ஆளுங்க மறந்துருதாவ. பாண்டிச்சேரியில டைவ் முடிச்சிட்டு வர்ற வழியில அப்படியே கொடைக்கானல் போயிட்டு வருவோம்னு வண்டிய திருப்பாதீங்க, அது 2,100 மீட்டர், ஒரு நாள் தள்ளிப் போங்க.

ஒவ்வொரு டைவ் முடிஞ்சதும் லாக் புக்ல எழுதுங்க, பாத்த மீன் பேரு மட்டும் எழுதி விட்டுராதீங்க. என்ன சிலிண்டர், எத்தன மில்லி சூட், எத்தன கிலோ வெயிட், அந்த வெயிட் அதிகமா இருந்துச்சா கம்மியா இருந்துச்சா, எத்தன பார்ல எறங்கி எத்தன பார்ல வந்தீங்க, அதிகபட்ச ஆழம், நேரம். அடுத்து எந்தக் கடைக்குப் போனாலும் கவுண்டர்ல மொதல்ல கேக்குறது இதத்தான், நோட்ட விரிச்சு காட்டுனீங்கன்னா ஒங்க சைஸ் கியரும் சரியான வெயிட்டும் எடுத்து வைப்பாவ, ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்தா கூச்சப்படாம ரிப்ரெஷர், அதாவது படிச்சத ஞாபகப்படுத்துற சின்னப் பயிற்சி, ஒண்ணு குடுங்கன்னு நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க.